ஒரு தட்டு, ஒரு வெள்ளி

ஐம்பது மில்லிமீட்டர், ஒன்று புள்ளி எட்டு.
ஒன்று புள்ளி நாலும் இருந்தது.
அந்தப் புள்ளிக்கும் இந்தப் புள்ளிக்கும் நடுவில்
இருநூற்றிருபது வெள்ளி.
அவ்வளவு இருட்டில் எனக்கு என்ன வேலை?

சிட்டி ஹால் பக்கத்துக் கடைகளில்
கண்ணாடிக்குப் பின்னால் கண்ணாடிகள்.
விலைச்சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன.
கேட்டால் வாங்கித்தான் ஆகவேண்டுமோ என்று
மூன்று சனிக்கிழமை
கோப்பி மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

கடைசியில் ஈசூன் ரயில் நிலையம்.
கட்டணக் கதவுக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் ஹஃபீஸ்.
வெளியே வந்தால் அவருக்கு இன்னொரு கட்டணம்.
கதவுக்கு மேலாகவே கேமரா கைமாறியது.
பேட்டரி செத்தாலும் சுடும்,
மீட்டர் மட்டும் பொய் சொல்லும் என்றார்.
அடுத்த மாதம் மனைவிக்குப் பிரசவம்,
அலமாரியில் இடமில்லை என்று
நான் கேட்காததையும் சொன்னார்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
காதோரம் வைத்து ஷட்டரை அழுத்தினேன்.
அறுபதில் ஒன்று சுத்தம்.
முப்பதில் ஒன்று கொஞ்சம் இழுத்தது,
தளத்துக்கு ஒரு விரற்கடை கீழே நின்றுவிடும்
பழைய லிஃப்ட் மாதிரி.
கைபேசி விளக்கை லென்சுக்குள் அடித்தேன்.
ஓரத்தில் பூஞ்சை,
கொத்தமல்லி வேர் போல.
இந்த ஊர்க் காற்று யாரையும் விடாது.
நூற்றிருபது கேட்டார்,
வேரைக் காட்டினேன்,
எண்பத்தைந்துக்கு இறங்கினார்.

வீட்டில் சுடர்க்கொடி கணக்குப் போட்டாள்.
சுருள் பதினெட்டு, கழுவப் பத்து, ஸ்கேன் எட்டு.
முப்பத்தாறால் வகுத்தாள்.
"ஒரு தட்டுக்கு ஒரு வெள்ளி.
சில்லறைகூட மிஞ்சல."
உலர்பெட்டி இருநூறு என்றேன்.
ரப்பர் மூடி போட்ட முறுக்கு டப்பாவை நீட்டினாள்.
அடியில் கடற்பாசிப் பொட்டலங்களிலிருந்து
அவள் சேர்த்த சிலிக்கா பைகள்,
தின்னாதே என்று நான்கு மொழியில் கெஞ்சின.

ஒரு வெள்ளி என்று தெரிந்தபின்
கண் கடைக்குப் போன மாதிரி ஆகிவிட்டது.
பதின்மூன்றாம் மாடியில் காயும் கால்சட்டை: வேண்டாம்.
அதன் நிழல்: கால் மணி கழித்து வந்து பார்க்கலாம்.
மோட்டார் அறையில் வெய் லியாங்,
மூக்கு நுனியில் கிரீஸ்: எடு.
நாற்பது நிமிடம் சிக்கியிருந்து
கதவு திறந்ததும் ஓர் அம்மா
கையை நீட்டவில்லை,
மீன் பையை நீட்டினார்,
"முதல்ல இதைப் பிடி, உருகிடும்."
ஒரு கையில் பை, ஒரு கையில் கேமரா.
ஒரு வெள்ளிக்கு அது மலிவு.

எட்டு வாரத்தில் முப்பத்தாறு.
நெம்புகோல் இன்னும் திரும்பியது.
முப்பத்தேழு. இலவசம்!
முப்பத்தெட்டு. செய்தவன் தாராளம் என்று
கீழ்த்தளத்துப் பூனைக்குக்கூட ஒன்று கொடுத்தேன்.
நாற்பத்தொன்றில்
வயிறு கம்பி அறுந்து இறங்கியது.
லிஃப்ட் அப்படி விழாது, அது சினிமா.
வயிறு விழும்.

பின்கதவைத் திறந்தேன்.
சுருளின் நாக்கு
நான் வைத்த இடத்திலேயே கிடந்தது,
பல்லில் மாட்டாமல்,
ஒரு துளைகூட நகராமல்.
எட்டு வாரமாகப் பெட்டி
கண்ணைத் திறந்து திறந்து மூடியிருக்கிறது,
உள்ளே யாரும் விழித்திருக்கவில்லை.

"அப்ப செலவே இல்லையே," என்றாள் சுடர்க்கொடி,
"சுருள் அப்படியே புதுசு."
சரிதான்.
அந்த அம்மா ஒன்பதாம் மாடி.
அதே லிஃப்ட் மறுபடி நிற்கட்டும் என்று
என் வேலையில் இருப்பவன் நினைக்கக் கூடாது.
நினைத்தேன்.

நாக்கை இம்முறை பல்லில் செருகி,
இடப்பக்கக் குமிழ் எதிராய்ச் சுழல்கிறதா என்று
மூச்சை நிறுத்திப் பார்த்தேன்.
சுழன்றது.

முதல் படம் சுடர்க்கொடி,
கையில் கால்குலேட்டர்,
சன்னல் வெளிச்சம் பாதி முகத்தில்.
முப்பதில் ஒன்று. கொஞ்சம் இழுத்தது.
கண்ணை மூடிவிட்டாளோ என்னவோ,
இன்னும் முப்பத்தைந்து வெள்ளி கழித்துத்தான்
தெரியும்.